எதற்குச் செங்குத்து?

அன்புள்ள ஐயா,

நான்கு தண்டு இணைப்பில் (கீல்களால் வளையமாகப் பிணைந்த நான்கு தண்டுகள்; அவற்றுள் ஒன்று அசையாத சட்டம்) கிராங்க், அதாவது இயக்கும் தண்டு, சுழலும்போது, நடுத்தண்டின் மறுமுனையிலுள்ள மூட்டு நகரும் திசையைக் காண, நடுத்தண்டுக்குச் செங்குத்தாக அம்பு வரைந்தேன், தவறு என்றார்கள். சுழலும் தண்டின் முனை அதற்குச் செங்குத்தாகத்தானே நகரும்? நடுத்தண்டின் மையப்புள்ளிக்குத் திசையை எப்படிக் காண்பது?

— இயந்திரவியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

தண்டின் மறுமுனை அசையாமல் நிற்கும்போதுதான் நீங்கள் சொல்லும் விதி பொருந்தும். ம, ந ஆகியவை சட்டத்தோடு பிணைந்த கீல்கள், ‘மக’ கிராங்க், ‘கச’ நடுத்தண்டு, ‘நச’ எதிர்ப்புறத் தண்டு என்று கொள்வோம். ச என்ற மூட்டு இரண்டு தண்டுகளுக்குப் பொதுவானது; அவற்றுள் அசையாத முனையுடைய ‘நச’வுக்குத்தான் செங்குத்து வரைந்திருக்க வேண்டும். உங்கள் அம்பும் வீணல்ல. அது க-வைச் சார்ந்து ச நகரும் திசை. அந்தச் சார்புத் திசைவேகத்தோடு க-வின் திசைவேகத்தையும் வெக்டராகக் கூட்டினால் ச-வின் திசைவேகம் வந்துவிடும்.

சுவையான கேள்வி உங்களுடைய இரண்டாவது கேள்விதான். நடுத்தண்டில் அசையாத முனையே இல்லை. ஆயினும் ஒவ்வொரு கணத்திலும் அதற்கு ஒரு சுழல் மையம் உண்டு. ‘மக’, ‘நச’ ஆகிய கோடுகளை நீட்டினால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி வ அதுவே. பெரும்பாலும் அது தண்டுக்கு வெளியே வெற்றிடத்தில் விழும். நடுத்தண்டோடு ஒரு பெரிய அட்டையை ஒட்டி, அது வ வரை விரிந்திருப்பதாக எண்ணிக்கொண்டால், அட்டையின் அந்த இடம் மட்டும் அக்கணத்தில் அசையாது நிற்கும். ஆகவே நடுத்தண்டின் எந்தப் புள்ளியும், வ-விலிருந்து அதற்கு வரையும் கோட்டுக்குச் செங்குத்தாகவே நகரும்.

வேகத்தையும் இதிலிருந்தே பெறலாம். கிராங்கின் நீளம் 10 செ.மீ., அது வினாடிக்கு 6 ரேடியன் சுழல்கிறது என்றால், க-வின் வேகம் வினாடிக்கு 60 செ.மீ. ‘வக’ 30 செ.மீ., ‘வச’ 20 செ.மீ. எனில், நடுத்தண்டு வினாடிக்கு 2 ரேடியன் சுழல்கிறது. ச-வின் வேகம் வினாடிக்கு 40 செ.மீ. ம-வுக்கும் வ-வுக்கும் நடுவே க இருந்தால், நடுத்தண்டு கிராங்குக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். அம்புமுனையைப் பலரும் தலைகீழாகப் போடுவது இங்கேதான்.

இரு கோடுகளும் இணையாக இருந்தால் வ முடிவிலிக்குப் போய்விடும். அப்போது நடுத்தண்டு சுழலவில்லை. அதன் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே திசைவேகம்.

விடையைச் சரிபார்க்க, க, ச இரண்டின் திசைவேகங்களையும் ‘கச’ கோட்டின் வழியே பிரித்துப் பாருங்கள். தண்டு நீளவோ சுருங்கவோ முடியாதாகையால் அக்கூறுகள் சமமாக இருந்தே தீர வேண்டும். ஆனால் வ-வை முடுக்கக் கணக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அட்டையின் அந்த இடத்துக்குத் திசைவேகம் சுழியாக இருந்தாலும், முடுக்கம் பொதுவாகச் சுழியல்ல.