கொடி யார் கொடுப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் டெவன் கவுண்டிக்கு ஓட்டெடுப்பு வைத்துக் கொடி தேர்ந்தெடுத்தார்களாமே, கூத்தாக இல்லையா? ஒரு மாவட்டத்துக்குக் கொடி கொடுக்க அரசர் இல்லையா, நாடாளுமன்றம் இல்லையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஆனால் இது அவர்கள் வேலை இல்லை. அரச முத்திரையோடு கிடைப்பது கவுண்டியை நிர்வகிக்கும் கவுன்சிலுக்கான சின்னம். அதைத் துணியில் அச்சடித்தாலும் அது கவுன்சிலின் சொத்துதான். டெவன்காரர் தன் வீட்டு மாடியில் ஏற்ற அது உதவாது.

அதனால்தான் 2003-இல் பிபிசியின் டெவன் இணையதளம் மக்களிடம் கேட்டது. ஒரு மாணவர் வரைந்த கொடி 49 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தது. குன்றுகளுக்குப் பச்சை, காற்றடிக்கும் மேட்டுநிலங்களுக்குக் கறுப்பு, கடல் உப்புக்கும் அங்கே வெட்டியெடுக்கும் களிமண்ணுக்கும் வெள்ளை. கவுன்சில் தன் கம்பத்தில் அதை ஏற்றியது 2006-இல், சாவகாசமாக!

இதையெல்லாம் பதிவு செய்து வைப்பது ஃப்ளாக் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு அமைப்பு. சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. ஊர் ஏற்றுக்கொண்டதா, வேறு யாருடைய கொடியாவது இதே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பதிவாகிவிட்டால் கொடி பொதுச் சொத்து. இன்னொரு கொடி மாதிரி இருக்கக் கூடாது என்ற விதியில் மாட்டிக்கொண்டது லங்காஷயர் கவுண்டி. வெள்ளையில் சிவப்பு ரோஜா கேட்டார்கள். அதை ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் என்ற சிற்றூர் முன்பே பதிந்து வைத்திருந்தது. 2008-இல் பின்னணியை மஞ்சளாக்கிப் பதிந்தார்கள். டெண்டுல்கர் ஆடிய யார்க்‌ஷயருக்கு அந்தச் சங்கடம் இல்லை. நீலத்தில் வெள்ளை ரோஜா, அதே வருடம் பதிவு.

கூத்து வேண்டுமென்றால் சட்டத்தில் இருக்கிறது. அங்கே கொடியும் கடை விளம்பரப் பலகையும் ஒரே விதிகளுக்குள் வரும். 2012-இல் அந்த விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். இன்று கவுண்டிக் கொடி, கிராமத்துக் கொடி எதற்கும் அனுமதி வாங்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது: கவுண்டியை 'மாவட்டம்' என்கிறீர்கள். மாவட்டத்தை ஓர் அரசாணையில் பிரிக்கலாம், சேர்க்கலாம். கவுண்டி அப்படியில்லை, நிர்வாகம் போனாலும் ஊர்க்காரர்களுக்கு அது கவுண்டிதான். ஹண்டிங்டன்ஷயரின் கவுண்டி நிர்வாகத்தை 1974-க்குள் கலைத்தே விட்டார்கள். ஆனாலும் 2009-இல் அந்தக் கவுண்டிக்குக் கொடி பதிவானது, பச்சையில் பொன்னிற வேட்டைக் கொம்பு. அதை யார் கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள், கலைந்துபோன கவுன்சிலா?