அந்தப் பையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 46, ரொறன்ரோவில் இருக்கிறேன். திருகோணமலையில் வித்தியாலயம் வீதிப் பக்கம் நாங்கள் வளர்ந்த வீட்டை விற்றாயிற்று. செப்டெம்பர் கடைசிக்குள் திறப்பைக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு 81, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அம்மாவுக்கு 75. இருவரும் கொழும்பில், வெள்ளவத்தையில் அண்ணாவின் ஐந்தாம் மாடி வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று வார லீவில் வந்தேன். ஒரு வாரம் போய்விட்டது, ஓர் அறைகூட ஒதுங்கவில்லை. நான் எறிகிற ஐஸ்கிரீம் டப்பாக்களை அம்மா இரவில் எழும்பி எடுத்துக் கழுவி வைக்கிறார். அப்பா எதிலும் தலையிடுவதில்லை, விடிந்தால் கிணற்றடியில் நின்று மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். 1990 சண்டையில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். அப்போது அழாத அம்மா இப்போது ஒரு புட்டுக்குழலுக்கு அழுகிறார். நேற்றுக் கத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, கத்தியதை நினைத்து மருகாதீர்கள். வீடு ஒதுக்கும்போது யாராவது ஒருவர் கத்தத்தான் செய்வார். இன்று பின்னேரம் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள், போதும்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 90இல் அழ நேரம் எங்கே இருந்தது? உடுத்த உடுப்போடும் பிள்ளைகளோடும் ஓடிய ஓட்டம் அது. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவு நிலைகூட இல்லை. புட்டுக்குழலிலிருந்து படுக்கைவரை ஒவ்வொன்றாகக் காசு சேர்த்து மறுபடி வாங்கினார்கள். நீங்கள் "பழசு" என்கிற சாமான் அவருக்கு இரண்டாம் தரம் வாங்கிய சாமான். அந்த வீட்டை விட்டு நாள் குறித்து, ஆறுதலாகப் புறப்படுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதையும் மூன்று வார அவசரமாக்கிவிட்டால் எப்படி?

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் குசினியில் தொடங்கியிருக்கிறீர்கள், அது பிழை. அந்தப் பையில் தொடங்குங்கள். எந்தப் பை என்று கேட்க மாட்டீர்கள். நம் வீடுகளில் கட்டிலுக்கடியிலோ அலுமாரியின் மேல் தட்டிலோ ஒரு பை இருக்கும்: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, எல்லாம் பொலித்தீன் உறைக்குள் போட்டு, வாயை ரப்பர் பாண்டால் கட்டியபடி. கலவரம் என்றாலும் அதோடுதான் ஓட்டம், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோதும் அதோடுதான் ஓட்டம். அம்மாவிடம் அதைக் கேளுங்கள். கட்டிலில் கொட்டி, அவரையே ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் போனில் படம் பிடியுங்கள். வீடு விற்ற உறுதியின் பிரதி ஒன்றும் அதற்குள் போகட்டும். முடிந்ததும் பையை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அது லொறியில் போகக்கூடாது, அவர் மடியில் போகட்டும். இந்த ஒரு வேலை முடிந்தால் மிச்சச் சாமானில் அவருடைய பிடி கொஞ்சம் தளரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டைக் காலி செய்தபோது நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கறள் பிடித்த றங்குப்பெட்டியைப் பழைய இரும்பு எடுப்பவருக்குத் தூக்கிக் கொடுத்தேன். அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே எங்கள் நாலு பேரின் சாதகக் குறிப்புகளும் இருந்தனவாம். ஒரு மாதம் கழித்து அம்மா சாதாரணமாகக் கேட்டார், "அந்தப் பெட்டி எங்கே பிள்ளை?" என்று. ஆகவே எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் வெளியே அனுப்பாதீர்கள். சாமியறைப் படங்களின் பின்பக்கம், தலையணை உறை, அரிசிப் பானை எல்லாம் பாருங்கள். சிரிக்காதீர்கள், அரிசிப் பானைக்குள் காசு வைக்காத அம்மா உண்டா?

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கச்சேரியில் இருந்தவருக்குக் கோப்பு என்றால் உயிர் வரும். ஓய்வூதியக் கோப்பைக் கொழும்பில் அவர்கள் இருக்கப்போகும் பகுதியின் பிரதேச செயலகத்துக்கு மாற்றக் கடிதம் எழுத வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பது இனி அங்கேதான். கிராம சேவகரிடம் பதிவு மாற வேண்டும். மின்சாரம், தண்ணீர்க் கணக்குகள் வாங்கியவர் பெயருக்குப் போக வேண்டும். இதையெல்லாம் நீங்கள் ஓடிச் செய்யாதீர்கள். அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள், அவர் பேசட்டும், நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

மரங்களை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு மல்லிகைத் தடியையும் இப்போதே சாடியில் வைத்தால் புறப்படும் நேரத்துக்குள் வேர் பிடித்துவிடும். பல்கனியில் வெயில் விழுகிறதா என்று அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மூர்த் தெருக்களில் திரியும் மான்கள் வந்து கடிக்காத ஒரு செடி வளர்க்கும் பாக்கியம் அப்பாவுக்குக் கொழும்பில்தான் கிடைக்கப் போகிறது. அதற்கும் பிறகு, மானைக் காணவில்லையே என்று கவலைப்படுவார், பாருங்கள்.

இனி அந்தப் புட்டுக்குழல். அது கொழும்புக்குப் போகட்டும், அதோடு தேங்காய்த் திருவலையும். அண்ணா வீட்டுக் குசினியில் ஒரே ஒரு தட்டு அம்மாவுக்கென்று ஒதுக்கச் சொல்லி அண்ணியிடம் நீங்களே பேசுங்கள். இதை அண்ணாவிடம் விட்டால் நடக்காது. அந்தத் தட்டில் எது போவது என்பதை அம்மா தீர்மானிக்கட்டும். அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாம் ஆட்களுக்குத்தான். "எறிவோம்" என்று சொல்லாமல் "இதை யாருக்குக் கொடுக்கலாம் அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த மச்சாள் வீட்டில் அம்மி உடைந்திருக்கிறது, எந்தப் பிள்ளை புதிதாகக் கல்யாணம் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார்கள். உங்கள் கணக்கில் அது நேர விரயம். அம்மாவுக்கு அது ஊரிடம் பயணம் சொல்லிக்கொள்ளும் நேரம்.

ஐஸ்கிரீம் டப்பாக்களுக்காக இனிச் சண்டை வேண்டாம். கண்ணாடிச் சாமான், தூள் வகை, ஊசி நூல் என்று எதையாவது அவற்றுக்குள் போட்டுக் கட்டுங்கள். பெட்டி வாங்கும் காசாவது மிஞ்சும்.

படங்கள் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். ஒட்டும் தாள் அல்பங்களில் உள்ள பழைய படங்களைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தால் கழன்று வரும். வராவிட்டால் தாளோடு படம் பிடியுங்கள். இரவில் அப்பாவை இருத்தி, யார் யார் என்று கேட்டு அவர் குரலைப் போனில் பதியுங்கள். அவர் வாய் திறப்பதற்கு இது நல்ல வழி.

லொறியை எக்காரணம் கொண்டும் ஒக்டோபருக்குத் தள்ள வேண்டாம், மாரி மழை தொடங்கிவிட்டால் மெத்தையும் புத்தகமும் நனைந்துதான் வெள்ளவத்தை போய்ச் சேரும். உங்கள் லீவு முடிந்துவிட்டால் கடைசிக் கிழமைக்கு அண்ணா வரத்தான் வேண்டும். முடியாது என்றால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்றம் ஏற வேண்டியிருக்கும், நேரத்தோடு வெளிக்கிடுங்கள். கடைசி நாள் காலையில் வீடு கூட்டியாயிற்று, விளக்கேற்றியாயிற்று என்றதும் திறப்பை அப்பாவின் கையில் கொடுங்கள். அவரே பூட்டட்டும். அப்புறம் கிணற்றடிக்கு ஒருதரம் போய்விட்டு வருவார். லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும்.