புல்தரையில் பாசி: யூரியா போட்டால் போகுமா?

கேள்வி: உதகையில் எங்கள் வீட்டுக் கிக்குயு புல்தரையில் பாதி பாசியாகிவிட்டது. கை கையாக யூரியா தூவினேன். புல் திட்டுத் திட்டாகக் கருகியது, பாசி அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் நலிந்து காலியான இடத்தில்தான் அது வந்து உட்காரும். நிழல், மிதிபட்டு இறுகிய மண், வடியாத ஈரம், ஒட்ட வெட்டுவது ஆகியவைதான் காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் எந்த மருந்து தெளித்தாலும் அடுத்த மழைக்கே பாசி திரும்பிவிடும்.

பாசியை உயிரோடு வாரினால் துணுக்குகள் சிதறி இன்னும் பரவும். முதலில் அதைக் கருக்க வேண்டும். அதற்கு உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) போதும். வெளிர்பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்குங்கள். துருநிறமாக மாறியது சரியாக வேலை செய்யாது. 10 லிட்டர் பூவாளித் தண்ணீரில் 100 கிராம் கரைத்து, 100 சதுர அடிக்குச் சீராக ஊற்றுங்கள். மார்ச், ஏப்ரலில், மண் ஈரமாக இருந்து, ஒரு நாளாவது மழை வராத சமயம் பார்த்துச் செய்வது நல்லது. சிமெண்ட், கல், துணி எதில் பட்டாலும் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவிவிடுங்கள். கையுறை கட்டாயம். அன்னபேதியை விழுங்கினால் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து, பூட்டி வையுங்கள்.

சில நாட்களில் பாசி கறுத்துவிடும். இரண்டு வாரம் கழித்து ரேக்கால் வாரி எடுங்கள். பிறகு தோட்ட வேலைக்கான ஃபோர்க்கை 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, லேசாக அசைத்து எடுங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குத்து வீதம் தரை முழுவதும் இப்படிச் செய்ய வேண்டும். காலி இடங்களில் கணுவுள்ள கிக்குயு துண்டுகளை நடுங்கள். இனி 4 செ.மீ. உயரம் விட்டே வெட்டுங்கள். சில்வர் ஓக் போன்ற மரங்களின் அடர்ந்த நிழலில் மட்டும் புல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். கிக்குயுவுக்கு வெயில் வேண்டும். அங்கே பாசியையே விட்டுவிடுங்கள், பார்க்கவும் அழகுதான்.

நீலகிரி மண் பொதுவாகவே அமிலத்தன்மை கொண்டது. அதைக் குறைக்கும் சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது, புல்லுக்குத்தான் உதவும். மண் பரிசோதனை செய்துவிட்டே இடுங்கள். ஒரு தடவைக்கு 100 சதுர அடிக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். வேளாண் சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூள் வாங்குங்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு புல்லைப் பொசுக்கிவிடும். அன்னபேதிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு மாதம் விடுங்கள், இல்லாவிட்டால் இரும்பு பயன்படாமல் போய்விடும். சுண்ணாம்புக்கும் யூரியாவுக்கும் நடுவிலும் அதே இடைவெளி தேவை. சுண்ணாம்பு பட்ட தரையில் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாக ஆவியாகிவிடும்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும், 100 கிராமைத் தாண்டவே கூடாது. கையளவில் போட்டதால்தான் உங்கள் புல் கருகியது: ஒரே இடத்தில் குவிந்த உரம் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடுகிறது. தராசில் நிறுத்து, தூவும் நேரத்தில் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். பனியோ மழையோ இலையில் நிற்கும்போது தூவ வேண்டாம், மணிகள் ஒட்டிக்கொள்ளும். தூவியதும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஜூன், ஜூலை கனமழையிலும், உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியிலும் உரமே வேண்டாம். மழையில் அது ஓடைக்குத்தான் போகும், பனியில் புல் எடுத்துக்கொள்ளாது.

யூரியா கரைத்த வாளியைத் திறந்து வைக்காதீர்கள். மாடு குடித்தால் சற்று நேரத்திலேயே இறந்துவிடக்கூடும்.