காணி உறுதியை ஈடு வைக்க வேண்டாம் அக்கா, தம்பி பெயின்ற் வேலையே பழகட்டும்

போன கிழமை திருகோணமலைப் பாலையூற்றுப் பக்கமிருந்து ஓர் அம்மாவும் மகனும் ஆலோசனை கேட்டு என்னைத் தேடி வந்தார்கள். தம்பி கணிதப் பிரிவில் இரண்டு தரம் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டான், பல்கலைக்கழகத்துக்குப் பெறுபேறு காணாது. லண்டனில் இருக்கும் சித்தப்பா "பொடியனை ஸ்டூடன்ட் விசாவில அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டார். அந்த மிச்சம் வருவதற்கு முன்னால் முதல் வருடக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்கு இருப்பது வீட்டுக் காணி ஒன்றுதான். காணி உறுதியின் பிரதியை அம்மா ஒரு பைக்குள் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். பேசத் தொடங்கினதும் அழுகை. நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன்.

தம்பி என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டேன். "சேர், இந்தச் சுவருக்கு எத்தனை தரம் அடிச்சாலும் பெயின்ற் நிக்காது. கீழ ஈரம் இழுக்குது. வெளியில கூரைப் பீலித் தண்ணி எங்க விழுதெண்டு முதல் பாருங்கோ" என்றான். எழும்பிப் போய்ப் பார்த்தேன். பீலி உடைந்து, மழைத் தண்ணீர் நேராகச் சுவரின் அடியில் விழுந்து மண் அரித்துக் கிடந்தது. மூன்று வருடத்தில் இரண்டு தரம் அந்தச் சுவருக்கு ஆள் பிடித்து அடித்திருக்கிறேன், ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

பிறகுதான் கதை வந்தது. சோதனை முடிந்த காலங்களில் மாமாவோடு நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குப் பெயின்ற் அடிக்கப் போயிருக்கிறான். அம்மா அதைச் சொல்லாமலே விட்டிருந்தார். "சும்மா கைச்செலவுக்குப் போனவன்" என்று அவசரமாக மூடப் பார்த்தார். ஆறுதல் சொல்வதை அந்த இடத்தில் நிறுத்தினேன். அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல நேரம் கிடைக்காததையும் இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் நிற்கும் வேறு பெற்றோரும் வாசிக்கட்டும்.

அக்கா, முதலில் காசைப் பேசுவோம். முதல் வருடக் கட்டணத்தைக் கட்டினால் இரண்டாம் வருடக் கட்டணம் வரும், அதற்கு இன்னொரு காணி உங்களிடம் இல்லை. அங்கே பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் பார்த்து, இங்கே ஈட்டு வட்டியும் கட்டி, அடுத்த வருடக் கட்டணத்தையும் சேர்க்கலாம் என்று யார் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. சித்தப்பா நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய வாக்கு வாய்ச்சொல், உங்களுடைய உறுதி எழுத்து. தங்கச்சி ஒருத்தியும் அந்த வீட்டில் வளர்கிறாள்.

மூன்றாம் தரம் ஏ.எல்., அரசாங்க வேலை, தாதியர் பயிற்சி, கணினி டிப்ளோமா இவற்றையெல்லாம் ரியூசன் வாத்தியாரிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒருவரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

பெயின்ற் வேலை என்றால் வாளியும் பிரஷும் தூக்கிக்கொண்டு போவது என்றுதான் நினைக்கிறோம். அடிப்பது அந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முதல் சுவரை வாசிக்கத் தெரிய வேண்டும். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்து வெள்ளைத் தூள் ஒட்டினால் பழைய பூச்சு செத்துவிட்டது, அதன்மேல் அடித்தால் எல்லாம் சேர்ந்து உரியும், சுரண்டித் தட்டிக் கழுவி, சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு தரம் கொடுக்க வேண்டும். ஈரச் சந்தேகம் இருந்தால் ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவக்கூடாது, தண்ணீர் பட்டால் அந்த உப்புக் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டு ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். புதுச் சாந்து பூசிய சுவரை ஒரு மாதமாவது காயவிட வேண்டும். சீமெந்தின் காரம் அடங்காத சுவரில் அடித்த நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். பூஞ்சணம் கறுத்திருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். கையுறை கட்டாயம், அதோடு வேறு எந்தக் கழுவும் திராவகத்தையும் சேர்க்கக் கூடாது, நச்சுப் புகை வரும்.

நம்முடைய ஊரில் இதற்கு மேலே கடல் வேறு இருக்கிறது. டச்சுக்குடாப் பக்கமோ உப்புவெளியிலோ வெளிச் சுவரை நக்கிப் பார்த்தாலே கரிக்கும். கடல் காற்றில் மேலே படிந்த அந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவாமல் அதன்மேல் எவ்வளவு விலையான வெளிப்பூச்சு அடித்தாலும் உப்பு ஈரத்தை இழுத்து அதைக் கொப்பளிக்க வைத்துவிடும். ஜன்னல் கம்பி, கேற் எல்லாம் கம்பிப் பிரஷால் பளபளப்பு வரும்வரை துருவைத் தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்பு பிரைமர் அடிக்க வேண்டும், இரவு விட்டால் விடிய மறுபடி துரு நிற்கும். துத்தநாகம் பூசிய தகரத்தில் எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்றை நேரே அடித்தால் கொஞ்ச நாளில் தோல் தோலாகக் கழலும், அதற்கென்று பிரைமர் வேறு இருக்கிறது. இது தெரியாத ஆட்கள் அடித்த கேற்றுகளை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

காலமும் தெரிய வேண்டும். மாரி மழைக்குள் நின்றுகொண்டு "தைப்பொங்கலுக்கு முதல் அடிச்சுத் தாங்கோ" என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு, உள் அறைகளைச் செய்யலாம், வெளிச்சுவர் மாசி வரை பொறுக்கட்டும் என்று விளங்கப்படுத்தி மறுக்கத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நிற்பான். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் நேர் எதிர்ப் பிரச்சினை, வெயில் பட்ட சுவரில் பெயின்ற் இழுக்க முதலே காய்ந்து றோலர்க் கோடு தெரியும், அதனால் காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்தி அடிக்க வேண்டும்.

கணிதம் படித்த பிள்ளை வீணாகப் போகிறான் என்றீர்களே அக்கா. 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் 390 அளவில் வரும், இரண்டு பூச்சுக்கு 780. ஒப்பமான சுவரில் சுவருக்கு அடிக்கும் இமல்ஷன் பெயின்ற் ஒரு லீற்றர் ஏறக்குறைய 100 சதுர அடிக்குப் போகும், ஆக 4 லீற்றர் வாளி இரண்டு. இதை நான் சொல்லவில்லை, நான் கேட்டதும் தம்பி மனதிலேயே போட்டுச் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான், மெஷினில் நிறம் கலந்து வாங்கும்போது வாளிக்கு வாளி ஒரு சாயல் மாறும், எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டு அடித்தால் சுவர் நடுவில் நிறம் மாறாது என்று. வீட்டுக்காரருக்கு நிறம் காட்ட, சின்ன அட்டையை நீட்டாமல் சுவரிலேயே இரண்டடிச் சதுரம் அடித்து, காலை வெளிச்சத்திலும் இரவு லைற்றிலும் பார்க்கச் சொல்வானாம். இதைத்தான் கொழும்பில் அலங்கார ஆலோசனை என்று தனியாகக் காசு வாங்கிச் செய்கிறார்கள்.

வேலை எங்கே என்று கேட்டீர்கள். விடுதிகள் சீசனுக்கு முதல், மாசி பங்குனியில், எல்லாம் ஒரே நேரத்தில் ஆள் தேடும். கும்பாபிஷேகம் வரும் கோயில்கள், கலியாண வீடு, வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் என்று மிச்ச மாதங்கள் போகும்.

சும்மா மாமாவோடு போய்க்கொண்டிருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை 7 நிலைகள் கொண்டது, 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களுக்கும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீடு செய்து அதே சான்றிதழ் கொடுப்பார்கள். நைற்றா என்ற தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் கட்டட பெயின்ரருக்கான மதிப்பீட்டுத் திகதியைக் கேட்டு, இதுவரை செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதம் இரண்டையும் இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கள். நாளைக்கு வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போக நினைத்தாலும், கையில் அந்தச் சான்றிதழோடு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போவது வேறு, கடனோடு போவது வேறு. இங்கேயே நின்று ஒப்பந்தம் எடுக்க நினைத்தால் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுகள் இருக்கின்றன.

தம்பி, உனக்கும் சிலது. உயரத்தில் ஏறும்போது மாமா பாதுகாப்பு பெல்ற் கட்டவில்லை என்றால் நீயும் கட்டாமல் நிற்காதே. ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி வை, கரன்ட் வயர் பக்கம் அலுமினிய ஏணி வேண்டாம். இந்த நாட்டில் பெயின்றில் ஈயத்துக்கு எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான், அதற்கு முந்தின எனாமல் அடித்த கதவு ஜன்னலைக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் உன் நெஞ்சுக்குள்ளும் அந்த வீட்டுக் குழந்தையின் வாய்க்குள்ளும் போகும். நனைத்துத் தேய், மாஸ்க் போடு, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போ. தின்னரைக் கிணற்றடியில் ஊற்றாதே. மேசன், மாமா, கடைக்காரர் என்று யாரிடமும் வாய்க்கணக்கு வைக்காதே, எல்லாவற்றையும் கொப்பியில் எழுது.

அக்கா, "பெயின்ற் அடிக்கவோ ஏ.எல். வரை படிப்பிச்சனீங்கள்" என்று மச்சாள் கேட்டதாகச் சொல்லி அழுதீர்கள். அவர் உங்கள் ஈட்டு வட்டியில் ஒரு மாதமாவது கட்டுவாரா என்று நான் கேட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. தம்பியிடம் உங்கள் முன்னாலேயே கேட்டேன், லண்டன் போக விருப்பமா என்று. "அம்மா சொன்னா போறன்" என்றான். சுவரைப் பற்றிக் கேட்டபோது அவன் அப்படிப் பேசவில்லை, நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

மாசி பிறந்ததும் விடுதி வேலைகள் தொடங்கும். சித்திரை வரை மூன்று மாதம் போகட்டும், ஒவ்வொரு நாளும் எந்தச் சுவர், என்ன பழுது, எத்தனை லீற்றர், எத்தனை மணித்தியாலம் என்று கொப்பியில் எழுதட்டும். வைகாசியில் அந்தக் கொப்பியோடு இரண்டு பேரும் வாருங்கள், மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தை இருந்து நிரப்புவோம். அதுவரை உறுதி அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும். சித்தப்பா மறுபடி எடுத்தால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.