கணினிக் கேள்வி பதில்: லினக்ஸில் திறக்கிறது, விண்டோஸில் திறக்கவில்லை

கேள்வி: ஐயா, என் லேப்டாப்பில் லினக்ஸ், தங்கையிடம் விண்டோஸ். என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் முறையில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். நான் போட்டுக் கொடுத்த சில ஃபைல்கள் அவளுக்குத் திறக்கவில்லை, அழிக்கவும் முடியவில்லை. எனக்கோ எல்லாம் திறக்கின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது. திறக்காத ஃபைல்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘கூட்டம் 10:30’, ‘இது யாருடைய குரல்?’ என்கிற மாதிரிதான் இருக்கும். < > : " / \ | ? * ஆகிய ஒன்பது குறிகளை விண்டோஸ் பெயருக்குள் விடாது. லினக்ஸுக்கு இவற்றில் சாய்கோடு / மட்டும்தான் ஆகாது. அதனால் மற்றதையெல்லாம் உங்கள் டிஸ்க்கில் தடையில்லாமல் எழுதிவிடுகிறது, சிரமம் தங்கைக்கு.

குறி எதுவும் இல்லாமலும் சிக்கல் வரும். ‘பாகம் 1.’ என்று புள்ளியிலோ, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியிலோ பெயர் முடிந்தால் விண்டோஸ் தடுமாறும். ஆங்கிலத்தில் ‘கான்’ (CON), ‘நல்’ (NUL), ‘ஆக்ஸ்’ (AUX) என்று வைத்தாலும் அப்படித்தான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலேயே சாதனங்களுக்கு ஒதுக்கிய பெயர்கள் அவை.

திருத்தும் வேலையை விண்டோஸில் ஆரம்பிக்காதீர்கள். பெயர் எங்கே பிறந்ததோ அங்கேயே, அதாவது உங்கள் லினக்ஸிலேயே மாற்றுங்கள். முதலில் வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அப்பா பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். எல்லாக் குறிகளையும் ஹைஃபனாக மாற்றச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி ஓட்டினேன். ‘பாட்டு: 2’, ‘பாட்டு? 2’ இரண்டும் ‘பாட்டு- 2’ ஆகிவிட்டன. பெயரை மாற்றும் லினக்ஸின் ‘எம்.வி.’ (mv) கட்டளை எதுவும் கேட்காமல் ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதிவிட்டது. அந்தப் பாட்டு இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே ‘எம்.வி.’யோடு ‘என்’ (-n) என்ற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாது. ‘ரீநேம்’ கட்டளையில் அதே ‘என்’ போட்டால் எது எதுவாக மாறும் என்று காட்டும், மாற்றாது. அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். ஆங்கிலப் பெயர்கள் இருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள். லினக்ஸுக்கு இரண்டாகத் தெரிவது விண்டோஸுக்கு ஒரே பெயர்.

இனிமேல் வராமலிருக்க, லினக்ஸில் இந்த வகை டிஸ்க்கைக் கையாளும் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி மென்பொருள் கொண்டு டிஸ்க்கை மவுன்ட் செய்யும்போது, அதாவது இணைக்கும்போது, ‘விண்டோஸ்_நேம்ஸ்’ (windows_names) ஆப்ஷனைக் கொடுங்கள். ஆகாத பெயரை லினக்ஸே அந்த இடத்தில் மறுத்துவிடும்.

கேள்வி: பழைய மேக் டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு எடுத்த ஃபைல்களில் ‘கோவில்’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. கண்ணெதிரே அந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறது!

பதில்: தமிழில் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் முறை பெயரைப் பிரித்தே சேமித்தது. நீங்கள் தட்டுவது சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதால் அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். ‘கொ’, ‘கௌ’ வரும் பெயர்களிலும் இதே கதைதான்.

‘கான்வ்எம்வி’ (convmv) என்ற லினக்ஸ் கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்.எஃப்.சி.க்கு, மாற்றித் தரும். ‘நோடெஸ்ட்’ (--notest) என்று சொல்லாதவரை வெறுமனே காட்டும், எதையும் மாற்றாது. அந்தப் பழக்கத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும்.