அந்த வானொலிப் பீதி பற்றி
செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுக்கும் வானொலி நாடகத்தை நிஜமென்று நம்பி அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்று உங்கள் கட்டுரையில் எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார் என்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான். நாடகம் ஒலிபரப்பான 1938 அக்டோபர் 30 இரவு, வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் தொலைபேசியில் விசாரித்த 5,000 வீடுகளில், அதைக் கேட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம். பீதியை ஊதிப் பெருக்கியவை மறுநாள் நாளிதழ்கள்; விளம்பரப் பணம் வானொலிக்குப் போகிறதே என்ற எரிச்சல் வேறு!

அதற்காகக் கட்டுரையைத் தூக்கிப் போடாதீர்கள். மிரண்டவர்களும் இருந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் அவர்களைப் பேட்டி கண்டு 1940இல் நூலாக்கினார். வேறு நிலையத்தைத் திருப்பிப் பார்த்துச் சிலர் தெளிந்தார்கள். ஜன்னலை எட்டிப் பார்த்த ஒருவரோ, தெருவில் கார்கள் நிறைந்திருந்ததால் ஊரே தப்பி ஓடுகிறது என்றார். இன்னொருவர், கார் எதுவும் வராததால் சாலைகள் நொறுங்கிவிட்டன என்றார். இந்த இரண்டு ஜன்னல்களிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.