ஒரு போனின் சென்சார் அளவுகளை இன்னொரு போனுக்கு உடனுக்குடன் அனுப்ப புளூடூத் நல்லதா, வைஃபை நல்லதா?

இரண்டுமே போதும். போனின் அசைவை அளக்கும் முடுக்கமானியின் மூன்று அச்சு எண்களுக்கு 12 பைட், அளவெடுத்த நேரத்தைக் குறிக்கும் நேரமுத்திரைக்கு 8 பைட், ஆக 20 பைட். நொடிக்கு 100 முறை அனுப்பினாலும் 2,000 பைட்தான். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் லோ எனர்ஜி வகையில் எந்த அமைப்பையும் மாற்றாமல் ஒரே அறிவிப்பில், அதாவது ஒரு முறை அனுப்பும் தகவல் துண்டில், போகக்கூடியதும் சரியாக அந்த 20 பைட்தான்!

இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால் தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பாத யுடிபி முறையைத்தான் எடுப்பேன். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சேர்க்கும் டிசிபி முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவையும் காத்துக் கிடக்கும். நேரலைக்கு அது வீண். அடுத்த அளவு 10 மில்லிநொடியில் வந்துவிடும். பதிவுசெய்து பிறகு ஆராய்வதென்றால் டிசிபியே மேல்.

உண்மையான தலைவலி கடிகாரம். ஆண்ட்ராய்டில் சென்சார் நேரமுத்திரை பொதுவாக அந்தப் போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே இரண்டு போன்களின் நேரங்களை அப்படியே ஒப்பிட முடியாது. முதல் போன் ஒரு செய்தி அனுப்பட்டும். இரண்டாவது தன் நேரத்தைப் பதிலாகச் சொல்லட்டும். அந்த நேரத்திலிருந்து, முதல் போன் செய்தி அனுப்பிய நேரத்தையும் போய்வர ஆன நேரத்தில் பாதியையும் கழித்தால் இரு கடிகாரங்களின் வித்தியாசம் தெரியும். பல முறை செய்து, மிகக் குறைந்த நேரத்தில் போய்வந்ததை மட்டும் நம்புங்கள். கடிகாரங்கள் மெல்ல விலகும் என்பதால் அவ்வப்போது திரும்பச் செய்யவேண்டும்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இலக்காகக் கொண்டு, தனி அனுமதி கேட்காத செயலிக்கு நொடிக்கு 200 அளவுகளுக்கு மேல் கிடைக்காது. திரை அணைந்த பிறகும் ஓடவேண்டுமானால் செயலியை முன்னணிச் சேவையாக (அறிவிப்பு ஒன்றைக் காட்டியபடி தொடர்ந்து ஓடும் வகையாக) அமையுங்கள்.